மெரிடாவில் இருக்கலாம்

எங்கள் உணவகத்துக் குசினியில் அவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அவருக்கு நல்ல நீளமான ஸ்பானியப் பெயர் ஒன்று இருந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆக வேண்டியது ஏற்கெனவே ஆகிவிட்டதோ என்ற பயமும் இருக்கிறது.

அவர் மெக்சிகோவிலிருந்து அகதியாக வந்தவர். நான் யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கத்திலிருந்து அகதியாக வந்து, ரொறன்ரோவில் வெங்காயம் வெட்டியே தலை நரைத்தவன். ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மூலையில், பல் வைத்தியருக்கும் நகைக் கடைக்கும் நடுவில், ஒரு மெக்சிக்கன் உணவகத்தில் இரண்டு பேரும் வேலை செய்தோம். முதலாளி சிறி அண்ணையும் யாழ்ப்பாணம்தான். ஒரு இத்தாலியன் கடையில் கோப்பை கழுவத் தொடங்கி, பாஸ்தா அவிக்கும் வரை உயர்ந்து, பிறகு "சனம் இப்ப பரிட்டோதான் தின்னுது" என்று சொல்லி இந்தக் கடையைத் திறந்தவர். என்னையும் அங்கிருந்து கூட்டிக்கொண்டு வந்தார். எங்களில் ஒருவரும் மெக்சிகோவைக் கண்ணால் கண்டதில்லை. சீஸ் கொண்டுவந்து இறக்கும் கம்பனிக்காரன் தந்த சின்னப் புத்தகத்தைப் பார்த்துத்தான் சமைத்தோம். வியாபாரம் நன்றாகவே போனது.

அக்காவைப் பாத்திரம் கழுவத்தான் எடுத்தார்கள். ரெக்ஸ்டேலில் ஒரு பேஸ்மென்டில் குடியிருந்தார். எங்களிடம் வந்து சேர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் பஸ்ஸில் இருக்க வேண்டும். முதல் நாள் மத்தியானம், கோதுமை ரொட்டிக்குள் இறைச்சியும் சீஸும் வைத்துச் சுருட்டி வேலையாட்களுக்குக் கொடுக்கும் பரிட்டோ ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். ஒரு கடி கடித்தார். பிறகு ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து அதை மட்டும் தனியாகத் தின்று பார்த்தார்.

"இது எந்த ஊர்?" என்று கேட்டார்.

"மெக்சிகோ."

"மெக்சிகோவிலை எந்த ஊர்?"

எங்கள் இரண்டு பேருக்கும் இருந்தது குசினி இங்கிலிஷ். அதில் வினைச்சொல் இருந்தால் பெயர்ச்சொல் இருக்காது. அதை அப்படியே எழுதினால் ஒருவருக்கும் விளங்காது என்பதால் எனக்குக் கேட்ட மாதிரி, என் ஊர்த் தமிழிலேயே எழுதுகிறேன்.

நான் முழிப்பதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார். "கோதுமை ரொட்டி வடக்கு. அங்கை காய்ஞ்ச நிலம். மாடு மேயும், கோதுமை விளையும். இந்த மஞ்சள் சீஸ் அங்கையும் இல்லை. எல்லைக்கு அங்கால அமெரிக்காக்காரன் போட்டது. எங்கட பக்கம் சோளம் மட்டும்தான்."

சிறி அண்ணை காசு மெஷினுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "உவ கோப்பை கழுவ வந்தவவோ, எனக்குப் பாடம் எடுக்க வந்தவவோ?" என்றார். ஆனால் மனுசன் வியாபாரி. மூன்றாவது மாதம் அக்கா கோப்பையை விட்டு அடுப்புக்கு வந்துவிட்டார். மூட்டையில் காய்ந்த சோளம் வந்தது. அதைச் சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து, ஊறவிட்டு, தோலைக் கையால் தேய்த்துக் கழற்றி, பிறகு அரைப்பார். சுண்ணாம்பு போடாத சோளம் மாட்டுக்கு என்பார். வெற்றிலையோடு தவிர வேறு எதனோடும் சுண்ணாம்பு வாய்க்குள் போகலாம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அவருக்கு நாக்கில் தேசப்படம் இருந்தது. எதை வாயில் வைத்தாலும் எந்த ஊர் என்று சொல்லாமல் விழுங்க மாட்டார். ஒரு நாள் என் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்த மீன் கறியில் ஒரு துண்டு எடுத்துத் தின்றுவிட்டு, "அண்ணை, உங்கட வீட்டுக்காரி கடலுக்குக் கிட்டப் பிறந்தவவோ?" என்று கேட்டார். எல்லோரையும் போல அவரும் என்னை அண்ணை என்றுதான் சொல்வார். யாருக்கு வயது கூட என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

"இல்லை. வன்னி," என்றேன்.

"அதுதான். மீனை இறைச்சி அவிக்கிற மாதிரி அவிச்சிருக்கிறா."

அதை நான் வீட்டில் போய்ச் சொன்னது பெரிய பிழை. இருபத்தாறு வருடம் தன் மீன் கறியைப் பற்றி நான் வாய் திறக்காமல் தின்றதற்கு என்ன காரணம் என்று மனைவி விசாரணை வைத்தாள். பிறகு, "அந்த மனுசியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, நான் பாக்கவேணும்" என்றாள். வந்த அக்கா ரூஜ் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக் குசினியில் நின்று வாழை இலையில் சோள மாவும் கோழியும் வைத்துக் கட்டி அவித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் ஒரு கட்சி, நான் ஒரு கட்சி.

மிளகாய்ச் சண்டையையும் சொல்ல வேண்டும். அக்கா ஒருமுறை காய்ந்த மிளகாய் ஏழு வகையை மேசையில் பரப்பி, எது எந்த மாநிலத்தில் காய்க்கும், எதைப் புகையில் வாட்டுவார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிறி அண்ணைக்குப் பொறுக்கவில்லை.

"மிளகாயைப் பற்றி எங்களுக்குச் சொல்லித் தராதேங்கோ. அது எங்கட சாமான்."

"இல்லை, எங்கட சாமான். கப்பலிலை உங்களிட்டை வந்தது. தக்காளியும் அப்பிடித்தான். பப்பாளி, கொய்யா, எல்லாம்."

சிறி அண்ணை போனை எடுத்துத் தேடினார். தேடத் தேட முகம் வாடியது. "அப்ப எங்கட முப்பாட்டன் கறிக்கு என்னத்தைத்தான் போட்டவன்?" என்று இரண்டு நாளாகக் கடைக்கு வந்தவர்களை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அக்காவுக்கு அவர்மேல் இரக்கம் வந்து, "உங்கட புளி எங்களிட்டை வந்தது அண்ணை. எங்கட பிள்ளையள் அதை இனிப்பாச் செய்து தின்னுங்கள்," என்று ஆறுதல் சொன்னார்.

இது எல்லாம் பகிடி. பகிடி இல்லாத பக்கமும் இருந்தது. அக்காவின் ஊர் குவெரேரோ மாநிலத்து மலைப்பக்கம். அங்கே வியாழக்கிழமை என்றால் பொசோலே. சுண்ணாம்பில் மலர்ந்த பெரிய சோளத்தைப் பன்றி இறைச்சியோடு அவித்து, பூசணி விதையும் பச்சை இலைகளும் அரைத்து விட்ட சூப் அது. கந்தோர்க்காரர், கூலிக்காரர், பாதிரியார், எல்லோரும் வியாழக்கிழமை மத்தியானம் வேலையைப் போட்டுவிட்டு அதைக் குடிக்கப் போவார்களாம். எங்கள் கடையிலும் அவர் வைத்தார். சனம் வரிசையில் நின்றது. சிறி அண்ணை சனி ஞாயிறும் வைக்கச் சொன்னார். அக்கா மாட்டேன் என்றுவிட்டார். சிறி அண்ணை கெஞ்சினார், கத்தினார், வேலையை விட்டு நிற்பாட்டுவேன் என்றார். "நிற்பாட்டுங்கோ. சனிக்கிழமை வைச்சா அது பொசோலே இல்லை, சோளச் சூப்பு," என்றார் அக்கா. சிறி அண்ணைதான் இறங்கி வந்தார். அக்காவைத் தெரிந்ததை ஒளிக்க வைக்கவோ, இல்லாததை உண்டென்று சொல்ல வைக்கவோ ஒருவராலும் முடியாது. எனக்கு அது அப்போது மிகவும் பிடித்திருந்தது. இன்றைக்கு அதை நினைத்தால் ஆத்திரம் வருகிறது.

அவர் நாட்டை விட்டு ஓடி வந்ததற்கும் அதுதான் காரணம். ஒரு புதன்கிழமை பின்னேரம், அடுத்த நாளுக்கான சோளத்தின் தோலைத் தேய்த்துக்கொண்டே அவர் அதை எனக்குச் சொன்னார். சந்தையில் அவருக்குச் சாப்பாட்டுக் கடை இருந்தது. தம்பியும் கூட நின்று உதவி செய்வான். ஒரு வியாழக்கிழமை முன்பின் தெரியாத இரண்டு பேர் வந்து பொசோலே குடித்துவிட்டு எழும்பிப் போய், எதிரில் இருந்த மருந்துக் கடைக்காரரைச் சுட்டார்கள். சந்தையில் முந்நூறு பேர் நின்றார்கள். ஒருவரும் ஒன்றும் காணவில்லை. அப்படித்தான் எல்லோரும் பொலிசுக்குச் சொன்னார்கள்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"முகத்தைச் சரியாப் பாக்கேல்லை எண்டன். உண்மையாப் பாக்கேல்லை. ஆனால் ஒருத்தன் பொசோலேக்குள்ள போடச் சாளை மீன் கேட்டவன். எங்கட மலையிலை அப்பிடி ஒருதரும் தின்னமாட்டினம். இன்ன கடற்கரைப் பக்கத்து ஆக்கள்தான் கேப்பினம். அதைச் சொன்னன்."

அந்தப் பொலிஸ்காரன் அதை எழுதிக்கொண்டான். எழுதியதை யாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தானோ தெரியாது. நாலாம் நாள் தம்பியைக் கடை வாசலில் வைத்து ஒரு வெள்ளை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. அடுத்தது நீ என்று கடைக் கதவில் எழுதியிருந்தது.

"பேசாமல் இருந்திருக்கலாமே அக்கா."

"பொலிஸ் கேட்டது. எனக்குத் தெரிஞ்சுது," என்றார். சோளத் தோலைத் தண்ணீரில் அலசி ஊற்றினார்.

வெள்ளை வாகனம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் நாட்டிலும் வெள்ளை வானில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்ததில்லை. அதனால்தானோ என்னவோ, இந்த மனுசியின் அகதி வழக்கு வென்றே ஆகவேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. கனடா அவரை ஏற்றுக்கொண்டால் இருப்பார். இல்லையென்றால் அந்த மலைக்குக் கீழே காத்திருப்பவர்களிடம்தான் திரும்பிப் போக வேண்டும். எனக்கு அப்போது தோன்றியது அவ்வளவுதான்.

கடையில் ஆள் குறைந்த ஒரு பகல். அக்கா இரும்பு மேசையில் சோள மாவைக் கொட்டித் தன் நாட்டைக் கீறிக் காட்டினார். மேலே அகலமாக வடக்கு; அங்கே கோதுமையும் மாட்டிறைச்சியும். இறங்கி வர ஒடுங்குகிறது. கிழக்குக் கரையில் வெராகுரூஸ். ஸ்பானியர் வந்திறங்கிய துறைமுகம், அதனால் மீனுக்கு ஒலிவ் காய் போடுவார்கள். நடுவில் புவெப்லா, கன்னியர் மடத்து அடுப்பில் மிளகாயும் சொக்கிலேட்டும் சேர்ந்த குழம்பு. கீழே ஒஹாகா, அங்கே அந்தக் குழம்பே ஏழு நிறம். அதற்குப் பக்கத்து மலையில் விரலால் ஒரு குழி வைத்து, "இது நான்" என்றார். பிறகு மாவை இழுத்து, கிழக்கே கடலுக்குள் வளைந்து நிற்கும் ஒரு கொக்கியைச் செய்தார்.

"இது யுகட்டான். இதின்ரை நுனியிலை மெரிடா எண்டு பெரிய ஊர். இஞ்சை ஆறே இல்லை அண்ணை. எல்லாம் சுண்ணாம்புக் கல்லு, தண்ணி நிலத்துக்குக் கீழதான். மாயாச் சனம். பன்றியைச் சிவப்பு விதையிலையும் புளித் தோடம்பழத்திலையும் ஊறவைச்சு, வாழை இலையிலை சுத்தி, குழி தோண்டி நெருப்பிலை தாப்பினம். எங்களுக்கே அது வேற நாடு மாதிரி."

"நீங்கள் போயிருக்கிறியளோ?"

"இல்லை. எனக்குப் பக்கத்துக் கடைக்காரி அந்த ஊராள். பதினொரு வருசம் அவவின்ரை அடுப்பைப் பாத்துக்கொண்டிருந்தன்."

அடுத்த கிழமை அந்தப் பன்றியை எங்கள் கடையில் செய்தார். குழி தோண்டச் சிறி அண்ணை விடவில்லை, போறணை அடுப்பில்தான் வைத்தார். வாழை இலை தமிழ்க் கடை உறைபெட்டியில் வாங்கியது. அன்றைக்கென்று பார்த்து ஒரு வயதான தம்பதி வந்தார்கள். மெரிடாவிலிருந்து மிசிசாகாவுக்கு மகளைப் பார்க்க வந்தவர்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மா திடீரென்று எழும்பிக் குசினிக்குள் வந்து அக்காவின் கையைப் பிடித்து, மெரிடாவில் நீ எந்தத் தெரு, யாருடைய மகள் என்று கேட்டு அழுதார். அக்கா தான் அந்த ஊரே இல்லை என்று சொன்னதை அவர் கடைசி வரை நம்பவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கண்டவர்களிடமெல்லாம் அதைச் சொல்லித் திரிந்தேன்.

அந்தப் பெருமையில்தான் நான் கடிதம் எழுதினேன்.

வழக்குக்குத் துணையாகக் கூட வேலை செய்பவர்கள் கடிதம் கொடுக்கலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். நான் தமிழில் சொல்ல, மகள் இங்கிலிஷில் அடித்தாள். இந்த மனுசி நேர்மையானவர், உழைப்பாளி என்று தொடங்கினேன். அது எனக்கே சப்பென்று இருந்தது. எல்லோருக்கும் எல்லோரும் எழுதுவதுதானே. உண்மையில் நடந்ததை ஊர்ப் பெயரோடு எழுதினால் நம்புவார்கள் என்று தோன்றியது. மெக்சிகோவின் எந்த மூலைச் சாப்பாட்டையும் அந்த ஊர்க்காரரே தங்கள் ஆள் என்று நினைக்கும்படி சமைப்பார் என்று எழுதுவித்தேன். மெரிடா அம்மா அழுத கதையை முழுதாக வைத்தேன்.

"அப்பா, இது கொஞ்சம் ஓவர் இல்லையா?" என்றாள் மகள்.

"நீ அடி பிள்ளை. இப்பிடி ஒரு கெட்டிக்காரியைக் கனடா விடுமோ?"

வக்கீலுக்கு அன்று வாசலில் பத்துப் பேர் காத்திருந்தார்கள். கடிதத்தை மேலால் பார்த்து, நல்ல கடிதம் என்று சொல்லிக் கோப்பில் வைத்தார்.

விசாரணைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அக்கா வக்கீலைப் பார்த்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். முகம் சரியில்லை. "அண்ணை, தம்பியைப் பற்றிக் கொஞ்சம்தான் கேப்பினமாம். மெரிடாவைப் பற்றித்தான் கனக்கக் கேப்பினமாம். அங்கை போய் இருக்கலாம்தானே எண்டு. எனக்கு மெரிடாவிலை என்ன?"

இந்தக் கேள்வியை எனக்கும் கேட்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் சண்டை என்றால் கொழும்பில் போய் இருக்கலாமே என்று கேட்டார்கள். நாட்டின் ஒரு மூலையில் உயிருக்கு ஆபத்து, இன்னொரு மூலையில் இல்லை என்றால், அந்த மூலைக்குப் போ, இங்கே வராதே என்பது சட்டம். என் மனைவிக்குக்கூட நான் அதுவரை சொல்லாத ஒன்றை அன்று அக்காவுக்குச் சொன்னேன். நான் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பேக்கரியில் பதினொரு மாதம் வேலை செய்தவன். சிங்களம் தண்ணீர் மாதிரிப் பேசுவேன். விசாரணையில், கொழும்பில் லொட்ஜில் நாலு நாள் நின்றேன், சிங்களத்தில் ஒரு சொல்லும் தெரியாது என்றேன். என்னை ஏற்றுக்கொண்டார்கள்.

"பொய் சொன்னனீங்களோ?"

"ஓம். இண்டைக்கு வரைக்கும் நல்லாத்தான் இருக்கிறன். நீங்களும் மெரிடாவைப் பற்றி ஒண்டும் தெரியாதெண்டு சொல்லுங்கோ."

"போனதில்லை, ஒருத்தரையும் தெரியாது. அது உண்மைதானே, அதைச் சொல்லுவன்," என்றார்.

நானும் சரி என்றேன். இவ்வளவு கெட்டித்தனமாகப் புத்தி சொன்ன எனக்கு, நான் எழுதிய கடிதம் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவேயில்லை. என் சிங்களப் பேச்சு வேறு, அவர் சமைத்த சாப்பாடு வேறு என்று நினைத்துவிட்டேனோ தெரியாது. குசினியில் முப்பது வருடம் நின்றவனுக்கு வரக்கூடாத மறதி.

விசாரணை கம்பியூட்டரில் நடந்தது. அக்காவின் பேஸ்மென்டில் இன்டர்நெட் விட்டு விட்டு வரும் என்பதால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மகளின் லப்டொப்பை வைத்தோம். மகள் எல்லாவற்றையும் சரிபார்த்து, "அன்ரி, யூ காட் திஸ்," என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். மனைவி குளிர்சாதனப் பெட்டியின் சத்தம் கேட்கக்கூடாதென்று அதன் வயரைக் கழற்றினாள். அறையில் நான் இருக்க வக்கீல் அனுமதி கேட்டார், கொடுத்தார்கள். திரையில் நாலு சதுரம். வக்கீல், மொழிபெயர்ப்பாளர், தீர்ப்புச் சொல்லும் அம்மா, அக்கா. அந்த அம்மா கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்கு இன்றைக்கு வசதியாக இருந்திருக்கும். தம்பியின் கதையை அக்கா சொல்லி உடைந்தபோது, அவசரமில்லை, தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லிக் காத்திருந்தார்.

கடைசியில்தான் மெரிடா வந்தது. அங்கே போயிருக்கிறீர்களா? இல்லை. யாரையாவது தெரியுமா? இல்லை. எப்படிப் பிழைப்பீர்கள்? எனக்குத் தெரியாது. நான் மூச்சை விட்டேன். அப்போது அந்த அம்மா ஒரு தாளைப் புரட்டினார்.

"உங்களோடு வேலை செய்பவரின் கடிதத்தில் ஒரு சம்பவம் இருக்கிறது. மெரிடாவைச் சேர்ந்த ஒரு பெண்மணி உங்களை அந்த ஊர் என்றே நினைத்ததாக. அது நடந்ததா?"

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். நான் கமெராவுக்கு வெளியே நின்று, இல்லை என்று சொல் என்று தலையை ஆட்டினேன். கையையும் ஆட்டினேன். பிறகு திரும்பி, மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாத அந்த ஒரு சொல்லைச் சொன்னார்.

"சீ."

ஸ்பானிய மொழியில், ஆம், நடந்தது.

"அந்தப் பகுதிச் சமையலை உங்களால் ஒரு உணவகத்தில் செய்ய முடியுமா?"

"முடியும்."

வக்கீல் பதினைந்து நிமிடம் ஏதேதோ சொல்லி அதைச் சமாளிக்கப் பார்த்தார். முடிந்ததும் அக்கா லப்டொப்பை மெதுவாக மூடினார். மனைவி சோறு போட்டாள். நான் சாப்பிடவில்லை. "ஏன் அக்கா? ஒரு சொல்லு. ஒரேயொரு இல்லை," என்று கத்திவிட்டேன். "நடந்ததுதானே அண்ணை," என்று மட்டும் சொன்னார்.

ஏழு கிழமைக்குப் பிறகு தீர்ப்பு வந்தது. அதை மடித்துக் கைப்பையில் வைத்துக் கடைக்குக் கொண்டுவந்து, வாசித்துச் சொல்லச் சொன்னார். பின்வாசலில் பால் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு இருந்தோம். இவர் நேர்மையான சாட்சி என்று எழுதியிருந்தது. தம்பிக்கு நடந்ததாகச் சொன்ன அனைத்தையும் நம்புகிறேன் என்று எழுதியிருந்தது. பிறகு நாலு பக்கம் மெரிடா. எவ்வளவு தூரம், எவ்வளவு சனம், உல்லாசப் பயணிகளுக்கு எத்தனை உணவகங்கள், இவரிடம் இருக்கும் கைத்தொழில். ஆகவே அங்கே போய் இருக்கலாம், கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

அக்கா என் கையிலிருந்த தாள்களைத் திருப்பி முதல் பக்கத்தை எடுத்துத் தந்தார். "தம்பியைப் பற்றினதை இன்னொருக்கா வாசியுங்கோ."

வாசித்தேன்.

"நம்பிச்சினமோ?"

"ஓம் அக்கா. எல்லாத்தையும் நம்பிச்சினம்."

"ஊரிலை பொலிஸ் நம்பேல்லை. ஆரோ பொம்பிளையோட ஓடிட்டான் எண்டு எழுதி மூடினவை." தாளைக் கையில் வாங்கி மடித்தார். "அண்டைக்கு இல்லை எண்டு சொல்லியிருந்தா உங்கட கடிதம் பொய்யாயிடும் அண்ணை. கடிதம் பொய்யெண்டா தம்பியும் பொய்."

எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்தது. அவருக்கு வரவில்லை. என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, அடுப்பில் வைத்தது தீயும் என்று உள்ளே போனார்.

மேல்முறையீடு செய்தார்கள், அதுவும் போனது. சிறி அண்ணை மார்க்கம் நகரில் தனக்குத் தெரிந்த அரசியல் கட்சிக்காரர்கள் வீட்டுப் படியெல்லாம் ஏறி இறங்கினார். எல்லோரும் தேநீர் கொடுத்தார்கள். மாசி மாதம் நாள் குறித்துக் கடிதம் வந்தது. நானும் மனைவியும் ரெக்ஸ்டேலுக்குப் போய் அவரை ஏற்றினோம். விமான நிலையம் அங்கிருந்து பத்து நிமிடம். கொண்டுபோக ஒரு பெட்டிதான் இருந்தது. மனைவி போட்டுக்கொடுத்த கம்பளிச் சட்டையை உள்ளே போகும் வாசலில் கழற்றித் திருப்பிக் கொடுத்தார். அங்கே வெயில், தேவைப்படாது என்றார்.

"எங்கை போவியள் அக்கா?"

"மெரிடாவுக்குத்தான். இருக்கலாம் எண்டு சொல்லிப்போட்டினமே."

அதில் குத்தல் இருந்ததா என்று அவர் முகத்தில் தேடினேன். இல்லை. என்னைக் குறை சொல்லி ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை.

தொடக்கத்தில் கிழமைக்கு ஒரு குரல் செய்தி அனுப்புவார். ஒரு ஹோட்டல் குசினியில் வேலை கிடைத்துவிட்டது, வெக்கை தாங்க முடியவில்லை, உங்கள் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல்லுங்கள், இப்படி. நான் ஆறுதல்பட்டேன். தீர்ப்புச் சொன்ன அம்மா சரியாகத்தான் சொன்னாரோ என்றுகூட ஒருநாள் மனைவியிடம் சொன்னேன். அவள் என்னை முறைத்துப் பார்த்தாள். அவர் போன ஐந்தாம் மாதம் வந்த செய்தியில் அக்காவின் குரல் தாழ்ந்திருந்தது. தன் ஊர்ப் பக்கத்துப் பேச்சுப் பேசுகிற இரண்டு ஆட்கள் ஹோட்டலில் வந்து தங்கியிருக்கிறார்கள், குசினியில் யார் எந்த ஊர் என்று விசாரித்தார்கள் என்றார். "நான் இந்த ஊர்தான் எண்டு சொல்லிப்போட்டன் அண்ணை. பிறந்ததே இஞ்சை எண்டு." செய்தியின் கடைசியில் சொன்னார்: "எனக்கு அது சரியாச் சொல்ல வரேல்லை."

பிறகு ஒன்றும் வரவில்லை. நான் அனுப்பியவை போய்ச் சேர்ந்தன, பதில் இல்லை. மூன்று கிழமை பொறுத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் அக்காவின் நம்பருக்குப் போன் அடித்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். ஆண் குரல். பின்னால் பாத்திரச் சத்தமோ ஆட்களின் சத்தமோ எதுவும் இல்லை. குசினியில் நான் பொறுக்கிய ஸ்பானிய மொழி அவன் சொன்னதை விளங்கிக்கொள்ளப் போதுமாக இருந்தது. மிகவும் மரியாதையாகவே கேட்டான். அவருடைய முழுப் பெயரையும் சொல்லி, இவரை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டான்.

தெரியாது என்று சொல்லி வைத்துவிட்டேன்.